டிசம்பரில் வீடும் அலுவலகமும்: கிறிஸ்துமஸ் ஏற்பாடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும் நவம்பர் பிறந்துவிட்டால் ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். மாமியார் வீடு கத்தோலிக்கம் என்பதால் இரு பக்கத்து வழக்கமும் ஓரளவு தெரியும். நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டத்து நடைமுறையை வைத்தே எழுதியிருப்பதால், வேறு ஊர்க்காரர்கள் தங்கள் வழக்கத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸ் வேலையை எப்போதுதான் தொடங்க வேண்டும்? எப்போது தொடங்கினாலும் கடைசி இரண்டு நாள் நரகமாகிவிடுகிறது.

திருச்சபை நாட்காட்டியே இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். அந்த ஞாயிற்றுக்குள் வெளியே அலைய வேண்டிய வேலைகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பது என் கட்டுப்பாடு. பயணச்சீட்டு, துணி எடுப்பது, தையலுக்குக் கொடுப்பது, கேக்கிற்குப் பழம் ஊறவைப்பது ஆகியவை இதில் அடங்கும். இரண்டாம் வாரம் வீட்டைச் சுத்தம் செய்யவும் நட்சத்திரத்துக்கும், மூன்றாம் வாரம் பலகாரத்துக்கும், கடைசி வாரம் சமையலுக்கும் ஆலயத்துக்கும் என்று பிரித்துக்கொண்டால் அலுவலகம் செல்பவர்களும் சமாளிக்கலாம்.

கடைசி இரண்டு நாள் திணறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வேலையின் அளவன்று. கடைக்குப் போகும் வேலையையும் அடுப்படி வேலையையும் ஒரே நாளில் வைத்துக்கொள்வதுதான் காரணம். 23ஆம் தேதிக்குப் பிறகு இறைச்சி, பால், பூ ஆகிய மூன்றைத் தவிர எதற்காகவும் கடைத்தெருவுக்குப் போவதில்லை என்று முடிவு செய்து பாருங்கள்.

நட்சத்திரத்தை டிசம்பர் முதல் தேதியே கட்டிவிட வேண்டுமா? ஒரு மாதம் எரிந்தால் கரண்ட் பில் ஏறாதா?

முதல் தேதி என்பது ஊர் வழக்கம்தான், சபை விதியன்று. பத்தாம் தேதி கட்டினாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள், பிள்ளைகளைத் தவிர. மின்கட்டணத்தைப் பொறுத்தவரை, 9 வாட் எல்.இ.டி. பல்பு தினமும் 12 மணி நேரம் வீதம் 31 நாள் எரிந்தாலும் மூன்றரை யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். பழைய 60 வாட் குண்டு பல்பைப் போட்டால் அதே கணக்கு 22 யூனிட்டைத் தாண்டும். மேலும், காகித நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பு கடுமையாகச் சூடேறும் என்பதால் அதை அடியோடு கைவிடுவதே நல்லது.

கட்டணத்தைவிட மழையைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். நமக்கு டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். மொட்டைமாடியிலோ மரத்திலோ கட்டுவதாக இருந்தால் பிளாஸ்டிக் நட்சத்திரத்தை வாங்குங்கள். ஹோல்டரின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். வயரில் இடையில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்றுகூட வெளியே இருக்க வேண்டாம். வயரை ஹோல்டருக்குச் சற்றுக் கீழே தொய்யவிட்டு மேலே ஏற்றினால், அதில் வழிந்து வரும் தண்ணீர் தொய்வின் அடியிலேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் போகாது. இரும்புக் கிரில்லில் கட்டுபவர்கள், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய இணைப்பிலிருந்து மட்டும் மின்சாரம் எடுக்கவும்.

குடில் எப்போது வைப்பது? குழந்தை இயேசுவை முதலிலேயே வைத்துவிடலாமா?

இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் 1223ஆம் ஆண்டு அசிசியின் புனித பிரான்சிஸ் குடில் அமைத்ததிலிருந்து இந்த வழக்கம் பரவியது. கத்தோலிக்க வீடுகளில் குடிலை டிசம்பர் நடுவில் அமைத்து, தீவனத் தொட்டியை மட்டும் வெறுமையாக விட்டு, 24ஆம் தேதி நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிறகே குழந்தையை வைப்பார்கள். ஞானிகள் மூவரையும் தொலைவில் நிறுத்தி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, ஜனவரி 6ஆம் தேதி குடிலருகே கொண்டுவரும் குடும்பங்களும் உண்டு. பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. எங்கள் சபை வீடுகளில் குடில் கட்டாயமில்லை. பலர் சவுக்குக் கிளையை மணல் நிரப்பிய வாளியில் நட்டு மரமாக அலங்கரிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

குடிலில் பச்சைப்புல் வேண்டுமென்றால் கடையில் தேட வேண்டாம். டிசம்பர் 14 வாக்கில் தட்டையான தட்டில் மண்ணோ தென்னைநார்க் கழிவோ பரப்பி, ஓர் இரவு ஊறவைத்த கேழ்வரகையோ கோதுமையையோ நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளை கட்டியதும் துணியை எடுத்துவிட்டு, வெளிச்சத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்து வந்தால் 24ஆம் தேதிக்கு விரல் உயரப் புல் கிடைக்கும். வைக்கோலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம்.

பலகாரத்தில் எதை முதலில் சுட வேண்டும்? எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட்டால் இடுப்பு ஒடிகிறது.

எது நீண்ட நாள் கெடாதோ அதை முதலில் சுடுங்கள். முறுக்கு, தட்டை, கலகலா, அச்சு முறுக்கு ஆகியவை இரண்டு வாரம் தாங்கும் என்பதால் டிசம்பர் 12க்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவற்றுக்கு ஏற்றது. அடுத்து முந்திரிக்கொத்து. வறுத்து உடைத்த பாசிப்பயறும் எள்ளும் நன்றாகச் சிவக்க வறுத்த தேங்காயும் வெல்லப்பாகில் சேர்வதால், தேங்காயில் ஈரம் இல்லாத வரை அது பத்து நாளாவது இருக்கும். தேங்காயை அரைகுறையாக வறுத்தால் நான்காம் நாளே சிக்கு வாடை வரும். தேங்காய்ப்பூ சேர்த்த ரவா லட்டைக் கடைசி நாட்களில்தான் பிடிக்க வேண்டும்.

அதிரசத்துக்கு ஒரு வசதி உண்டு. ஈரமாவில் பாகு ஊற்றிக் கிளறிய மாவை நான்கைந்து நாள் மூடிவைத்தால்தான் அது பதப்படும். ஆகவே மாவை ஒரு வார இறுதியில் கிளறிவைத்து, அடுத்த வார நாள் ஒன்றின் மாலையில் அலுவலகம் முடிந்து வந்து ஒரு மணி நேரத்தில் சுட்டுவிடலாம். வெல்லத்துக்குப் பதிலாக உடன்குடிக் கருப்பட்டி போடுபவர்கள் அதைக் கரைத்து வடிகட்டிய பிறகே பாகு காய்ச்ச வேண்டும். அடியில் தங்கும் மண் பல்லில் கடிபட்டால் அத்தனை உழைப்பும் வீண்.

சுட்டதைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. சூடு அறவே ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். மிதமான சூட்டில் மூடினால் ஆவி உள்ளேயே தங்கி முறுக்கு நமத்துவிடும். பெரிய டின்னை இறுக மூடி உயரத்தில் வைத்துவிட்டு, அன்றாடம் எடுப்பதற்குச் சிறு டப்பா ஒன்றைத் தனியே வையுங்கள். மழை நாளில் பெரிய டின்னைத் திறக்கவே கூடாது. தூத்துக்குடி மக்ரூனுக்கு இது இன்னும் கறாராகப் பொருந்தும். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு மூன்றும் சேர்ந்த அந்தப் பண்டம் ஈரக்காற்றுப் பட்ட அரை மணி நேரத்தில் பிசுபிசுக்கத் தொடங்கிவிடும்.

அச்சு முறுக்கு அச்சை விட்டு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

நான்கு காரணங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, அச்சு போதுமான அளவு காயவில்லை. எண்ணெய் காயும்போதே அச்சையும் அதற்குள் மூழ்கவைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். மாவில் வைத்ததும் ‘சுர்’ரென்று ஓசை கேட்க வேண்டும், கேட்கவில்லை என்றால் மறுபடியும் எண்ணெயில் வையுங்கள். இரண்டாவது, அச்சை முழுவதும் முக்கிவிடுகிறீர்கள். அச்சின் முக்கால் உயரம் வரைதான் மாவு ஏற வேண்டும். மேல்விளிம்பைத் தாண்டி மாவு மூடிக்கொண்டால், வெந்த பிறகு அது தொப்பி போட்டதுபோல் பிடித்துக்கொண்டு கழலாது.

மூன்றாவது, மாவின் பதம். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, கறுப்பு எள் சேர்த்த மாவு, தோசை மாவைவிடச் சற்று நீர்த்து, அச்சில் மெல்லியதாகப் படிய வேண்டும். சர்க்கரை கூடினால் ஒட்டும், உடனே கருகவும் செய்யும். நான்காவது, அச்சு புதியது. புது அச்சை அரிசி கழுவிய தண்ணீரில் ஓர் இரவு போட்டுவைத்துத் தேய்த்துக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, எண்ணெய் தடவி ஒரு நாள் வைக்க வேண்டும். அப்படியும் முதல் நான்கைந்து முறுக்கு உடையும். அவை சுடுபவர்களின் பங்கு என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

நான் வேலைக்குப் போகிறவள். பலகாரத்தைக் கடையில் வாங்கினால் மாமியார் வீட்டில் பேச்சு வருமோ?

பேச்சு வரலாம், வரட்டும். நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்து ஊர்களில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து படி கணக்கில் சுட்டுத் தருகிறார்கள். அது அவர்களுக்கு ஆண்டில் ஒரு நல்ல வருமானம். அவர்களிடம் நவம்பரிலேயே சொல்லிவைத்தால் வீட்டுச் சுவையே கிடைக்கும். ஒரே ஒரு பலகாரத்தை மட்டும் வீட்டில் சுடுங்கள், அதுவும் எல்லோரும் கூடியிருக்கும் ஒரு மாலையில். முந்திரிக்கொத்து உருண்டை பிடிக்க ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கையிருக்கிறது என்பதை இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன்.

கேக்கிற்குப் பழத்தை ரம்மில்தான் ஊறவைக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் மது வாசனையே ஆகாது.

வேண்டியதில்லை, ஆனால் இரண்டு முறையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரம்மில் ஊறும் பழம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள ஆல்கஹால் கிருமிகளை வளரவிடாததுதான். ஆரஞ்சுச் சாற்றுக்கோ திராட்சைச் சாற்றுக்கோ அந்தத் திறன் இல்லை. அதை நவம்பரிலேயே ஊறவைத்து அலமாரியில் வைத்தால் புளித்துப் பூசணம் பிடிக்கும். மது வேண்டாதவர்கள் கேக் போடுவதற்கு முதல் நாள், பொடியாக நறுக்கிய உலர்பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் சிறு தீயில் சாறு வற்றும்வரை கிளறி, ஆறவைத்து, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். ‘அடுப்பில் வேகும்போது ரம் எல்லாம் போய்விடும்’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். பெரும்பகுதி போகும், முழுவதும் போவதில்லை. ஆகையால் விருந்தினரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

கேக்கின் கருநிறம் சர்க்கரையைக் கருக்குவதில் இருக்கிறது. சர்க்கரை தேன்நிறத்தைக் கடந்து அடர்ந்த பழுப்பானதும், கொதிக்கும் தண்ணீரைக் கையை எட்டவைத்துக்கொண்டு ஊற்றுங்கள். அது சீறித் தெறிக்கும், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். பழங்களை மைதாவில் புரட்டிச் சேர்த்தால் அடியில் தங்காது. வீட்டில் ஓவன் இல்லாதவர்கள் பழைய முறைப்படி கலவையைத் தகரத்தில் ஊற்றிப் பக்கத்துப் பேக்கரியில் வேகவைத்து வாங்கலாம். 20ஆம் தேதிக்குப் பிறகு அங்கே இடம் கிடைப்பது கடினம். தகரத்தின் அடியில் ஆணியால் உங்கள் பெயரைக் கீறிவைப்பது அவசியம், ஏனென்றால் வெந்த பிறகு எல்லாக் கேக்கும் ஒரே முகம்தான்.

வீட்டிலேயே திராட்சை வைன் போடலாம் என்கிறார்களே?

1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். ‘கொஞ்சம்தானே’ என்பது அதற்கு விலக்காகாது. போதாக்குறைக்கு, புளிக்கும் சாற்றை இறுக மூடிய கண்ணாடிச் சாடியில் வைத்தால் உள்ளே சேரும் வாயு அதை வெடிக்கச் செய்யும். திராட்சையை வேகவைத்துப் பிழிந்து வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, ஃபிரிட்ஜில் வைத்துப் பரிமாறுங்கள். கேக்குடன் அது நன்றாகவே பொருந்தும்.

தையல்காரர் ஒவ்வொரு ஆண்டும் 24ஆம் தேதி இரவு வரை இழுத்தடிக்கிறார். என்ன வழி?

நவம்பர் 20க்குள் கொடுங்கள். ‘கிறிஸ்துமஸுக்கு வேண்டும்’ என்று சொல்லாமல் டிசம்பர் 10ஆம் தேதி ஒரு கல்யாணம் என்று சொல்லுங்கள். டிசம்பரில் கல்யாணம் இல்லாத குடும்பம் எது? அது முடியாதென்றால் ஆயத்த ஆடையே வழி.

சென்னையிலிருந்து ஊருக்கு வர டிக்கெட் எப்போது போட வேண்டும்?

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டுள்ளது. பயண நாள் அதில் சேராது. அதன்படி டிசம்பர் 23ஆம் தேதிப் பயணத்துக்கு அக்டோபர் 24ஆம் தேதி காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்கும். நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஆகியவற்றில் அந்த நாட்களுக்கு இடம் விரைவில் தீர்ந்துவிடும். ஜனவரி 1ஆம் தேதி திரும்புபவர்கள் நவம்பர் 2ஆம் தேதியையும் குறித்துவைக்க வேண்டும். வரும் டிக்கெட்டைப் போட்டுவிட்டுத் திரும்பும் டிக்கெட்டை மறப்பவர்களே அதிகம். தட்கால் முந்தைய நாள் திறக்கும்: குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. இணையத்தில் எடுப்பதற்கு ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும்.

மழைக்கும் ஒரு நாளை ஒதுக்குங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுவிட்டது. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பல வீடுகளில் சேறு அள்ளும் வேலைதான் நடந்தது. ஆகவே 24ஆம் தேதி காலையில் வந்து சேரும்படி திட்டமிடாமல் 22ஆம் தேதியே கிளம்புவது நலம்.

24ஆம் தேதி லீவு கேட்டால் ‘கிறிஸ்துமஸ் 25தானே’ என்கிறார் மேலாளர். எனக்கு உரிமை இல்லையா?

25ஆம் தேதி அரசின் பொது விடுமுறை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 24ஆம் தேதி வரையறுக்கப்பட்ட விடுமுறைப் பட்டியலில் உள்ளது. ஆண்டுக்கு இரண்டு என்ற கணக்கில் அதை எடுத்துக்கொள்ளலாம். தனியார் நிறுவனங்களில் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய, பண்டிகை விடுமுறைகள்) சட்டம், 1958 பொருந்தும் இடங்களில், குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு மேலும் ஐந்து பண்டிகை விடுமுறைகள் தரப்பட வேண்டும். அந்த ஐந்தில் கிறிஸ்துமஸ் உண்டா என்பதை உங்கள் நிறுவனத்தின் விடுமுறைப் பட்டியலில் பார்க்கவும். பட்டியலில் உள்ள நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளமோ, அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறையோ தர வேண்டும். 24ஆம் தேதிக்கு அப்படிப்பட்ட உரிமை இல்லை. அது உங்கள் சொந்த விடுப்புக் கணக்கிலிருந்தே போகும்.

உரிமை இல்லாத இடத்தில் முன்யோசனைதான் கைகொடுக்கும். தீபாவளிக்கு மற்றவர்கள் ஊருக்குப் போகும்போது ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணியை ஏற்றுக்கொண்டு, அப்போதே 24ஆம் தேதியைப் பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள். டிசம்பர் 20ஆம் தேதி கேட்பவருக்குக் கிடைக்காதது அக்டோபரில் கேட்பவருக்குக் கிடைக்கும்.

நான் செவிலியர். 24 இரவும் 25 பகலும் பணி போட்டுவிட்டார்கள். எனக்குக் கிறிஸ்துமஸ் இல்லையா?

மேலே சொன்ன பணி மாற்றத்தை முதலில் முயன்று பாருங்கள். மருத்துவமனைகளில் ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வது நெடுநாள் வழக்கம். அது நடக்கவில்லை என்றால் இரவுப் பணியை வைத்துக்கொண்டு பகல் பணியையாவது மாற்றக் கேளுங்கள். கத்தோலிக்க ஆலயங்களில் நள்ளிரவு, விடியல், பகல் என்று மூன்று திருப்பலிகள் மரபாகவே உண்டு. எங்கள் சபைகளில் அதிகாலை ஆராதனை முக்கியமானது என்றாலும் பெரிய ஆலயங்களில் பிறகும் ஓர் ஆராதனை இருக்கும். இரவுப் பணி முடித்து நேராக ஆலயத்துக்கு வருபவர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். வீட்டு விருந்தை அன்று மாலைக்குத் தள்ளிவைத்தால் பிரியாணி கோபித்துக்கொள்ளாது.

அலுவலகத்தில் நான் ஒருத்திதான் கிறிஸ்தவர். மரம், கேக், கிறிஸ்மா விளையாட்டு எல்லாம் என் தலையில் விழுகிறது.

ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பெயர் சொல்லிப் பிரித்துக்கொடுங்கள். சீட்டில் பெயர் வந்தவருக்கு யாரென்று காட்டாமல் பரிசு தரும் கிறிஸ்மா விளையாட்டில், சீட்டு எடுப்பதைப் பத்தாம் தேதிக்குள் முடித்து, பரிசுக்கு உச்சவரம்பை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் மனத்தாங்கல் வராது. கொண்டாட்டத்தை 22ஆம் தேதிக்குள் நடத்தச் சொல்லுங்கள். 24ஆம் தேதி மாலை நான்கு மணிக்குக் கேக் வெட்டக் கூப்பிடும் அலுவலகத்துக்கு நல்லெண்ணம் இருக்கிறது, உங்கள் வீட்டு அடுப்பின் நிலை தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது இதையெல்லாம் எப்படிச் செய்வது?

தேர்வு பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம் வாரத்தில் தொடங்கி 23 வாக்கில் முடியும். ஆகவே நட்சத்திரத்தை முதல் வாரத்திலேயே பிள்ளைகளோடு கட்டிவிடுங்கள். குடிலையும் மரத்தையும் தேர்வு முடிந்த மாலைக்கு விட்டுவையுங்கள். பாட்டுப் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு நாள் போய்வந்தால் மதிப்பெண் குறைந்துவிடாது.

கேரல் குழு இரவு ஒரு மணிக்கு வருகிறது. நாங்கள் அடுக்குமாடியில் இருக்கிறோம். மற்றவர்கள் தூக்கம் கெடுகிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகைக் காலத்துக்கென மாநில அரசு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் நள்ளிரவு வரை தளர்வு தரலாம். அதற்கு மேல் யாருக்கும் சலுகை இல்லை. எனவே சபைச் செயலரிடம் உங்கள் குடியிருப்பை வரிசையில் முதலில், மாலை ஏழு மணிக்கு வைக்கச் சொல்லுங்கள். கிராமத்தில் விடிய விடிய பஜனை பாடி வீதி சுற்றுவதற்கும் நகரத்தில் நான்காம் மாடியில் டிரம் அடிப்பதற்கும் வேறுபாடு உண்டு.

வருபவர்களுக்குப் பெரிய விருந்து தேவையில்லை. இருபது பேருக்குச் சுக்குக் காப்பியும் முறுக்கும் போதும். காணிக்கை உறையை முன்னதாகவே எழுதி வாசலருகே வைத்துவிடுங்கள். பாடகர்கள் நிற்கும்போது பணம் தேடி உள்ளறைக்கு ஓடுவது எல்லா வீட்டிலும் நடக்கும் நாடகம்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார். பலகாரத் தட்டு கொடுக்கலாமா?

சபரிமலை மண்டல காலம் கார்த்திகை முதல் நாளில் தொடங்கி டிசம்பர் 26, 27 வரை செல்வதால் கிறிஸ்துமஸ் எப்போதும் விரதத்துக்குள்தான் வரும். கேக்கிலும் அச்சு முறுக்கிலும் மக்ரூனிலும் முட்டை இருக்கிறது; அவற்றைக் கொடுக்க வேண்டாம். முந்திரிக்கொத்திலும் சாதா முறுக்கிலும் முட்டை இல்லை. ஆனாலும் விரதம் இருப்பவர்களில் சிலர் வெளிவீட்டில் சமைத்த எதையும் உண்ணமாட்டார்கள். நேராகக் கேட்டுவிடுவதே மரியாதை: “அண்ணே, உங்களுக்குப் பழத்தட்டு தரட்டுமா, மாலை கழற்றின பிறகு பலகாரம் தரட்டுமா?” என்று கேட்டால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மார்கழியில் அசைவம் தவிர்க்கும் வீடுகளுக்கு அன்றைய மதிய பிரியாணியை அனுப்பாமல் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

கல்யாணமாகி முதல் ஆண்டு. தலைக் கிறிஸ்துமஸ் எந்த வீட்டில்?

பெண் வீட்டில் என்பதுதான் ஊர் வழக்கம். இரண்டு வீடும் ஒரே ஊர்ப்பக்கம் என்றால், காலை ஆராதனையைப் பெண்ணின் சபையிலும் இரவு உணவை மாப்பிள்ளை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். தொலைவு என்றால் கிறிஸ்துமஸ் ஒரு வீட்டில், புத்தாண்டு மற்ற வீட்டில். டிசம்பர் 31 இரவு நடக்கும் உடன்படிக்கை ஆராதனையும் குடும்பத்தோடு போக வேண்டிய நிகழ்ச்சிதான் என்பதால் யாருக்கும் குறை இராது. புதுத்துணிக்கு மேல் சீர் எதிர்பார்க்கும் வீட்டாரிடம் கிறிஸ்துமஸ் தொழுவத்தில் நடந்தது என்று நினைவூட்டலாம்; நான் நினைவூட்டியிருக்கிறேன்.

இந்த ஆண்டு வீட்டில் அப்பா இறந்துவிட்டார். நட்சத்திரம் கட்டலாமா, பலகாரம் சுடலாமா?

துக்கம் நடந்த ஆண்டில் நட்சத்திரமும் பலகாரமும் புதுத்துணியும் இல்லை என்பது நம் பக்கத்து ஊர்களில் வலுவான வழக்கம். திருச்சபை அப்படி எந்தத் தடையும் விதிக்கவில்லை. ஆலயத்துக்கும் நற்கருணைக்கும் வருவதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். அந்த நாளில் ஆலயத்துக்கு வர மற்றவர்களைவிட உங்களுக்குத் தேவை அதிகம். அம்மா என்ன விரும்புகிறார் என்பதைக் கேளுங்கள், உறவினர் என்ன சொல்வார்கள் என்பதைக் கேட்க வேண்டாம். அவர் வேண்டாம் என்றால் அந்த ஆண்டு இருட்டாகவே இருக்கட்டும். சிறு பிள்ளைகள் இருந்தால் நட்சத்திரத்தை வாசலில் கட்டாமல் உள்ளறையில் கட்டலாம்.

மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்படிப்பட்ட வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவது நம் கடமை. 24ஆம் தேதி மாலையே போய் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள். 25 காலையில் புதுப்பட்டு உடுத்திக்கொண்டு போய் நிற்க வேண்டாம்.

அதிகாலை ஆராதனைக்கும் போக வேண்டும், மதியம் முப்பது பேருக்குப் பிரியாணியும் ஆக வேண்டும். எப்போது தூங்குவது?

24ஆம் தேதி மதியம். இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. இரண்டு மணி முதல் நான்கு மணி வரை எல்லோரும் படுக்க வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுதுங்கள். இறைச்சிக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்து, 24 மாலை வாங்கி, கழுவி, தயிரும் மசாலாவும் புரட்டி ஃபிரிட்ஜில் வைக்கவும். வெங்காயம் நறுக்குவது, இஞ்சி பூண்டு அரைப்பது, துணி தேய்ப்பது, காணிக்கை எடுத்துவைப்பது எல்லாம் இரவு ஒன்பதுக்குள் முடிந்துவிட்டால் ஆறு மணி நேரம் தூங்கலாம். காலையில் ஆலயம் விட்டு வந்ததும் இட்லிக்கு மேல் எதுவும் வேண்டாம். முப்பது பேர் என்றால் சமையல்காரரை வைத்துக்கொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. பலகாரம் வாங்குவது பற்றிச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

26ஆம் தேதி குடும்பக் கூடுகை வைக்கலாமா? நட்சத்திரத்தை எப்போது இறக்குவது?

வைக்கலாம். ஆனால் கடற்கரை ஊர்க்காரர்கள் வருவதாக இருந்தால் முதலில் கேளுங்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலையில் வந்த ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த குடும்பங்கள் நாகப்பட்டினத்திலும் குளச்சல் பக்கத்திலும் இன்னும் அந்த நாளை நினைவு ஜெபத்தோடு கழிக்கின்றன. அவர்களுக்கு 27ஆம் தேதி வசதியாக இருக்கும்.

நட்சத்திரத்தை ஜனவரி 6 வரை விட்டுவைக்கலாம். ஞானிகள் வந்து சேரும் திருநாள் அதுதான். இந்தியக் கத்தோலிக்கர்கள் அதை ஜனவரி 2க்கும் 8க்கும் இடைப்பட்ட ஞாயிற்றில் கொண்டாடுகிறார்கள். இறக்கும்போது பல்பைக் கழற்றி, பிளாஸ்டிக் நட்சத்திரத்தை ஈரமில்லாமல் துடைத்து மடித்து, வயரைத் தனியாகச் சுற்றிக் கட்டுங்கள். எலி கடித்த வயரை அடுத்த ஆண்டு யாரும் கவனிக்காமல் மாட்டிவிடக் கூடாது என்பதால் அதை மூடியுள்ள டின்னில் போடவும். அச்சு முறுக்கு அச்சைச் சோப்புப் போட்டுத் தேய்க்காமல் எண்ணெயோடு துடைத்துக் காகிதத்தில் பொதிந்து அதே டின்னில் வைக்கலாம்.